‘பால் பத்தலை’ என்று சொல்வதற்கு முன்

பிள்ளை பெற்ற வீட்டில் மூன்றாம் நாளே இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. குழந்தை அழுதால் பால் பத்தலை. அடிக்கடி மார்பைத் தேடினால் பால் பத்தலை. மார்பு கனக்காவிட்டாலும் பால் பத்தலை. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போக, தையல் வலியோடு தூக்கமில்லாமல் கிடக்கும் தாய் அதை நம்பிவிடுகிறாள். டப்பா பால் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. உண்மையிலேயே சுரப்பு குறைந்த தாய்மார்கள் சிலர்தான்.

எதை வைத்து அளப்பது?

முதல் நாள் சீம்பால் சில தேக்கரண்டி அளவுதான் சுரக்கும். பிறந்த குழந்தையின் சின்ன இரைப்பைக்கு அது போதும். இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் பால் பெருகும். சிசேரியன் ஆனவர்களுக்குச் சற்றுத் தாமதமாகலாம். அதுவரை சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானது. ஆறு மாதம் வரை வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை.

அழுகையை அளவுகோலாக்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் போகிறதா, முதல் நாட்களில் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பெரும்பாலும் பால் போதுமான அளவு இருக்கிறது. மாலை வேளைகளில் விட்டுவிட்டு அடிக்கடி குடிப்பது பல குழந்தைகளின் இயல்பு.

மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் சுரக்கும். பத்தலை என்று புட்டிப்பால் கொடுக்கும்போது அந்த வேளைக்கு மார்பு காலியாவதில்லை, சுரப்பு குறைகிறது. இல்லாத குறை அப்படித்தான் உண்டாகிறது.

காம்பு வெடிப்பு

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய வலியல்ல இது. குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதுதான் பெரும்பாலும் காரணம். அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து அணைத்தால், கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகும். முகவாய் மார்பில் பதியும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடி கொடுங்கள். புண்ணில் சோப்பு படவேண்டாம். சொட்டுத் தாய்ப்பாலைத் தடவி உலரவிடலாம்.

பால் கட்டினால்

மார்பு கல்லாக இறுகும்போது குழந்தையால் கவ்வ முடியாது. கருவட்டம் இளகும் அளவுக்குக் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுங்கள். பிறகு குளிர்ந்த ஒத்தடம் வையுங்கள். ஓரிடம் சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. திடீரென்று நிறுத்தினால் கட்டு மோசமாகும்.

உண்மையாகவே குறைந்தால்

தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, முன்பு நடந்த மார்பக அறுவை சிகிச்சை ஆகியவை சுரப்பைக் குறைக்கலாம். குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், மஞ்சள் நிறம் கால்வரை பரவினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் மாற்றுப்பால் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாயை யாரும் குறை சொல்ல வேண்டாம். அதைப் புட்டியில் கொடுக்காமல், கொதிநீரில் சுத்தம் செய்த பாலாடையில் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் போட்ட பிறகு.