சட்டத்தின் பழஞ்சொற்களும் நம் கடமையும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி நிர்வாகக் குழு கேட்டபோது, வழக்கம்போல் திருவிழாச் சிறப்புகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற ஆண்டு நம் ஆலயத்தின் உறுப்பினர் சேர்ப்பு மேசையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

அன்னதானக் கூடத்துக்கு வருவோர் அனைவரும் அந்தத் தம்பியை அறிவர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலை உடையவர். வெள்ளிக்கிழமைதோறும் தாயாருடன் வந்து இலை போடுவார், தண்ணீர் வைப்பார். இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை நம்மில் பலர் மறந்தாலும் அவர் மறந்ததில்லை.

அன்று அவருடைய தாயார் என்னிடம் வந்து, “சார், தம்பியும் கோயில் மெம்பராகணும்னு ஆசைப்படுறான். அவன் பேர்ல ஒரு பாரம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டார். கொடுத்தேன். படிவத்தின் பின்பக்கம் சங்க விதிகளின் சுருக்கம் அச்சிடப்பட்டிருந்தது. ‘சித்த சுவாதீனம் இல்லாதவர் உறுப்பினராகத் தகுதியற்றவர்’ என்பது அதில் ஒரு வரி. பக்கத்திலிருந்த ஆங்கிலத்தில் ‘லுனடிக்’ என்ற சொல்லே இருந்தது. அந்த அம்மா அதைப் படித்தார். படிவத்தை நான்காக மடித்தார். “பரவாயில்ல சார். அவன் எப்பவும்போல வந்து இலை போட்டுட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த எனக்கு, அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நூலகத்தில் தேடியும், வழக்கறிஞராக இருக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவரிடம் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இச்சொற்கள் வந்த வழி

‘லுனடிக்’ என்ற சொல்லுக்கு வேர் லத்தீன் மொழியில் சந்திரனைக் குறிக்கும் ‘லூனா’. பிறைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்ப மனம் கலங்கும் என்று அக்காலத்தார் நம்பினர். அமாவாசை வந்தால் பித்தம் ஏறும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதே நம்பிக்கைதான். ‘இடியட்’ என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொதுக்காரியங்களில் பங்குகொள்ளாமல் தன்போக்கில் வாழும் தனிமனிதன் என்பதே அதன் முதற்பொருள்.

இவையெல்லாம் பிற்காலத்தில் வசைச்சொற்களாயின என்றாலும், சட்டத்தில் நுழைந்தபோது வசையாக நுழையவில்லை. இங்கிலாந்தில் 1913-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனக்குறைபாட்டுச் சட்டம் மக்களை ‘இடியட்’, ‘இம்பெசைல்’, ‘ஃபீபிள் மைண்டட்’, ‘மாரல் இம்பெசைல்’ என நான்கு வகுப்பாகப் பிரித்தது. அன்றைய மருத்துவர்கள் ஏடுகளில் எழுதிய சொற்களே அவை.

சிங்கப்பூரிலும் அப்படியே. 1841-ல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் இடத்தில் கட்டப்பட்ட முதல் மனநோய் விடுதிக்கு ‘இன்சேன் ஹாஸ்பிட்டல்’ என்று பெயர். 1887-ல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் எழுந்தது ‘லுனடிக் அசைலம்’. 1928-ல் இயோ சூ காங் சாலையில் திறக்கப்பட்டது ‘மென்டல் ஹாஸ்பிட்டல்’. 1951-ல் அது ‘உட்பிரிட்ஜ்’ ஆயிற்று. 1993-ல் புவாங்கோக் வட்டாரத்துக்கு மாறியபோது மனநலக் கழகம் என்ற பெயரும் சேர்ந்தது.

பழைய சட்டம் கேட்ட கேள்வி

சட்டத்துக்கு வருவோம். குடியேற்ற ஆட்சி 1935-ல் இயற்றிய மனக்கோளாறு அவசரச் சட்டம், பின்னர் ‘மனக்கோளாறு மற்றும் சிகிச்சைச் சட்டம்’ என்ற பெயரில் இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டு வரை இங்கே நடைமுறையில் இருந்தது. ஒருவர் ‘சித்த சுவாதீனம் இல்லாதவரா, தம்மையும் தம் காரியங்களையும் கவனித்துக்கொள்ள இயலாதவரா’ என்று நீதிமன்றம் விசாரிக்கும். ஆம் என்று தீர்ப்பானால், அவருடைய உடலுக்கும் சொத்துக்கும் பொறுப்பாக ஒருவரை நியமிக்கும். அப்படி நியமிக்கப்படுபவர் ஒரே ஆளாக இருந்தாலும் அவருக்குச் சட்டம் இட்ட பெயர் ‘கமிட்டி’! கோயில் கமிட்டியில் இருக்கும் எனக்கு இது வேடிக்கையாகப் பட்டது. ஆனால் அதன் விளைவு வேடிக்கையன்று. மனிதரை முழுதாக இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று நிறுத்தும் ஏற்பாடு அது.

மேலும், அந்த ஒரே சொல் இருவேறு நிலைகளை ஒன்றாகக் கட்டிவிட்டது. மனநோய் என்பது யாருக்கும் எந்த வயதிலும் வரக்கூடியது; மருந்தால் குறையலாம், குணமாகலாம். அறிவுத்திறன் குறைபாடு என்பது பிறப்பிலோ இளமையிலோ அமைவது. அது நோயன்று; கற்பதற்குக் கூடுதல் காலமும் துணையும் வேண்டும், அவ்வளவே. நம் படிவத்தின் அந்த வரி, மனச்சோர்வுக்கு மருந்து உண்ணும் கணக்கரையும், இலை போடும் தம்பியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது.

2010-ல் மாறியது என்ன?

2008-ல் நம் நாடாளுமன்றம் ‘மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட்’ எனும் மனத்திறன் சட்டத்தை இயற்றியது. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது அது. 2010 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. சிகிச்சைக்கெனத் தனிச்சட்டமும் உடன் வந்தது. பழைய சட்டம் நீக்கப்பட்டது.

சொல் மட்டும் மாறியிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். கேள்வியே மாறிவிட்டது. பழைய சட்டம், ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டது. புதிய சட்டம், ‘இந்த ஒரு முடிவை, இந்த நேரத்தில், இவரால் எடுக்க முடியுமா?’ என்று கேட்கிறது. வீட்டை விற்பதைப் பற்றி முடிவெடுக்க இயலாத ஒருவரால், இன்று என்ன உடுத்துவது, எந்தக் கோயிலுக்குப் போவது என்று முடிவெடுக்க முடியலாம். காலையில் குழம்பியிருப்பவர் மாலையில் தெளிந்திருக்கலாம்.

இச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகள் ஐந்து. எவருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும். இயன்ற உதவியெல்லாம் செய்து பார்க்காமல் இயலாதவர் என்று முடிவுகட்டக் கூடாது. புத்திசாலித்தனமற்ற முடிவை எடுத்தார் என்பதற்காகவே திறனற்றவர் எனக் கூடாது. அவருக்காகப் பிறர் எடுக்கும் முடிவு அவருடைய நலனுக்காகவே இருக்க வேண்டும். அவருடைய உரிமையையும் சுதந்திரத்தையும் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி வேறு உண்டா என்று முதலில் ஆராய வேண்டும். மூன்றாவதை நினைத்துப் பாருங்கள். நாலு நம்பர் லாட்டரிக்கு வரிசையில் நிற்கும் நம்மை எவரும் நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லையே!

ஒருவரின் வயதையோ, தோற்றத்தையோ, நிலையையோ மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. திருமணத்துக்குச் சம்மதிப்பது, ஒரு சமயத்தை ஏற்பது அல்லது துறப்பது போன்றவற்றை ஒருவருக்குப் பதிலாக வேறெவரும் முடிவுசெய்ய இச்சட்டம் இடமளிப்பதில்லை. ஆண்டவனுக்கும் அடியாருக்கும் நடுவே வேறு யாரும் கையொப்பமிட முடியாது என்று நான் இதற்குப் பொருள்கொள்கிறேன்.

பழஞ்சொற்கள் எல்லாமே போய்விட்டன என்று சொல்வதற்கில்லை. நாடாளுமன்ற உறுப்பினராகத் தகுதியற்றோரைக் குறிக்கும் அரசியல் சாசனப் பகுதியிலும், குற்றவியல் சட்டத்தொகுப்பின் 84-ஆம் பிரிவிலும் ‘அன்சவுண்ட் மைண்ட்’ என்ற வழக்கு இருந்துவருகிறது. அமெரிக்காவிலும் 2010-ல்தான், ரோசா என்ற சிறுமியின் பெயரால் அமைந்த சட்டத்தின் மூலம், ‘மென்டல் ரிட்டார்டேஷன்’ என்பது கூட்டரசின் பல சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டு ‘அறிவுத்திறன் குறைபாடு’ என்று மாற்றப்பட்டது.

பெயர் மாற்றினால் போதுமா?

போதாது. இதற்கு நம் ஊரிலேயே சான்றுண்டு. 1962-ல் நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்ட தொண்டு அமைப்பொன்று ‘ரிட்டார்டட்’ பிள்ளைகளுக்கான சங்கம் என்றே பெயர் வைத்துக்கொண்டது. பழைய வசைச்சொற்களுக்கு மாற்றாக வந்த மென்மையான சொல் அது. அதுவும் வசையாகிப் போக, 1985-ல் அச்சங்கம் தன் பெயரை மாற்றி இன்று ‘மைண்ட்ஸ்’ என்று அறியப்படுகிறது. மருத்துவமனைக்கு ‘உட்பிரிட்ஜ்’ என்று பெயரிட்டபோதும் நோக்கம் நல்லதுதான். ஆனால் நான் படித்த காலத்தில் பள்ளித்திடலில், “உன்னை உட்பிரிட்ஜுக்கு அனுப்பணும்” என்று நாங்களே அதை வசையாக்கிவிட்டோம்.

என் குற்றம் அதோடு நிற்கவில்லை. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், எழுத்துக்கூட்ட இயலாத ஒரு மாணவனை வகுப்பின் முன்னால் ‘மக்கு’ என்று அழைத்தேன். அவனைத் திருத்துவதாக எண்ணிச் செய்தேன். அந்த ஆண்டு முழுவதும் பிள்ளைகள் அவனை வேறு பெயரால் அழைக்கவே இல்லை. நான் வைத்த பெயர் அல்லவா! 2019 முதல் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்துகிறது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு அவன் நினைவுதான் வந்தது.

‘பித்தன்’ என்பது சிவபெருமானுக்கே உரிய பெயர்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மை. திருவெண்ணெய்நல்லூரில் தம்மை வழக்கில் இழுத்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏச, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் கேட்டான் என்பது பெரியபுராணம். அங்கே ஏசியவரை ஆட்கொள்ளும் வல்லமை ஏச்சு வாங்கியவனிடம் இருந்தது. நம் படிவத்தைப் படித்த தாயிடம் அப்படி என்ன வல்லமை இருந்தது? மடித்து வைப்பது ஒன்றைத் தவிர?

பெற்றோரும் நன்கொடையாளரும் செய்யக்கூடியவை

“எங்களுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்?” என்பதே இத்தகைய பெற்றோரின் ஓயாத கவலை. பிள்ளைக்கு 21 வயது நிறைந்தபின், பெற்றோர் என்ற உறவு மட்டுமே சட்டப்படி முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தராது என்பதைப் பலர் அறிவதில்லை. தேவையானால் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து ‘டெபுட்டி’ எனும் பொறுப்பாளராகலாம். தமக்குப் பின் அப்பொறுப்பை ஏற்க வேண்டியவரையும் நியமிக்குமாறு கேட்கலாம். பிள்ளையின் செலவுக்கெனப் பணம் ஒதுக்க, 2009-ல் தொடங்கப்பட்ட ‘ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி’ என்ற லாபநோக்கமற்ற நிறுவனம் உதவுகிறது.

மற்றவர்களுக்கும் ஒரு சொல். முதுமை மறதி யாரையும் விட்டுவைப்பதில்லை. நினைவு தெளிவாக இருக்கும்போதே, நமக்காக முடிவெடுக்க நாம் நம்புபவரை ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’ என்ற பத்திரத்தின்வழி நாமே நியமித்துக்கொள்ளலாம். அறக்கட்டளைக்குச் சொத்து எழுதிவைக்கும் அன்பர்கள், தங்கள் பத்திரத்தில் ‘பைத்தியம்’, ‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ போன்ற சொற்கள் இருந்தால் வழக்கறிஞரைக் கொண்டு திருத்திக்கொள்வது நல்லது. உங்கள் தர்மத்தைப் பெறுபவர் அதைப் படிக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் ஆலயத்தில் நடந்தது

அந்த விதியை மாற்றக் குழுவில் நான் முன்மொழிந்தபோது எதிர்ப்பு இருந்தது. “சங்கத்துக்குப் பாதுகாப்பு வேண்டாமா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே விதியை வெறுமனே நீக்காமல், உறுப்பினரின் கடமை இன்னதென்று விளக்கியபின், அதைப் புரிந்துகொண்டு விரும்புகிற எவரும் சேரலாம் என்று எழுதினோம். பொதுக்கூட்டம் அதை ஏற்றது.

பின்னர் அந்தத் தம்பியை அழைத்து, தாயார் அருகிருக்க, உறுப்பினர் என்றால் என்ன என்று எளிய தமிழில் விளக்கினேன். சிறிது நேரம் கழித்து அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். “வருஷம் காசு கட்டணும். கோயிலுக்கு வேலை செய்யணும். மீட்டிங்ல பிடிச்சா கை தூக்கணும், பிடிக்கலைன்னா தூக்கக் கூடாது” என்றார். நம் பொதுக்கூட்டங்களுக்கு வரும் பலரிடம் இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்குமா என்பது ஐயமே.

படிவத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார். எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நாங்கள் காத்திருந்தோம். இத்தனை ஆண்டுகள் நாம் அவருக்குத் தராதது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

எல்லா உயிரிலும் தானாய் நிற்கும் இறைவன், நம் ஏடுகளில் உள்ள சொற்களையும், அவற்றைச் சொல்லும் நம் நாவையும் தூய்மையாக்கி அருள்வானாக.