ஏக்தாராவும் கித்தாரும்

வங்காளத்துக் கிராமப் பாதைகளில் ஒற்றைத் தந்தி ஏக்தாராவை மீட்டிப் பாடிச் செல்லும் பாவுல்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சாதி சமய வேலிகளைப் பொருட்படுத்தாமல், மனிதனுக்குள்ளேயே இறைவனைத் தேடுகிறவர்கள் அவர்கள். 1905-ஆம் ஆண்டில் வங்கப் பிரிவினையை எதிர்த்து மக்கள் கொதித்தெழுந்தபோது, ககன் ஹர்கரா என்னும் தபால்காரரின் பாவுல் மெட்டைத் தழுவியே ரவீந்திரநாத் தாகூர் "அமார் சோனார் பாங்களா"வை இயற்றினார். பிற்காலத்தில் அதுவே பங்களாதேசத்தின் தேசிய கீதமாயிற்று.

எழுபது ஆண்டுகள் கழித்து, அந்தப் பாவுல் இசை இன்னொரு கோலத்தில் கல்கத்தா நகரத்தில் ஒலித்தது. 1975-இல் கௌதம் சட்டோபாத்யாய் என்பவர், சகோதரர்களும் உறவினரும் நண்பர்களுமாக எழுவர் கொண்ட இசைக் குழு ஒன்றை அமைத்தார். கல்லூரி நாட்களில் நக்ஸல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறைவாசம் அனுபவித்தவர் அவர். மேனாட்டு ராக் இசையிலும் தேர்ந்தவர். அக்காலத்தில் பார்க் தெரு விடுதிகளில் இங்கிலீஷ் பாட்டுகள் முழங்கின. ஆனால் வேலையின்றித் திரியும் வங்க இளைஞனின் ஏக்கத்தை அவனுடைய தாய்மொழியில், அவன் காலத்து ஓசையில் சொல்லும் பாட்டு அரிதாயிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே இவர்கள் முனைந்தனர்.

கவிஞர் ஜீபனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து "மொஹினேர் கோராகுலி", அதாவது "மொஹீனின் குதிரைகள்" என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். கித்தாரும் டிரம்மும் பிடிலும் புல்லாங்குழலும் பாவுல் இசையோடு கைகோத்தன. 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கொன்றாக இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதல் தட்டின் பெயரிலேயே கல்கத்தா இடம் பெற்றிருந்தது.

பலன் என்ன? தட்டுகள் அதிகம் விலை போகவில்லை. பழைய சங்கீதத்தில் ஊறிய செவிகளுக்கு இது வெறும் கூச்சலாகப் பட்டது. 1981-இல் குழு கலைந்தது. ஆளுக்கொரு திசையாகப் பிழைப்பைத் தேடிச் சென்றனர்.

கித்தார் அந்நிய வாத்தியமாயிற்றே, அதைக் கொண்டு நாட்டுப் பாடலைப் பாடுவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். பிடிலும் கடல் கடந்து வந்ததுதான். இன்று அது இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரி எத்தனை? வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதன் வழியே யாருடைய உள்ளம் பேசுகிறது என்பதே முக்கியம் என்று நாம் கருதுகிறோம்.

காலமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. 1995-இல் கௌதம் இளம் பாடகர்களைச் சேர்த்து, "இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும்" என்று பொருள்படும் பெயரில் புதிய தொகுப்பை வெளியிட்டார். இம்முறை வங்காளம் செவி சாய்த்தது. 1999-இல் அவர் மறைந்தார். வங்க மொழியில் பாடும் இன்றைய இசைக் குழுக்கள் அந்த எழுவரைத் தங்கள் முன்னோடிகளாகப் போற்றுகின்றன. முதல் தட்டு விலை போகாத நாளில் அவர்கள் மனமொடிந்து தாய்மொழியைக் கைவிட்டிருந்தால், இந்தப் பரம்பரையே தோன்றியிராது.