ஒரு நஞ்சு, இரண்டு கொடிகள்

குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு வீட்டில் ‘ரெட்டைப் புள்ள’ என்று தெரிந்துவிட்டால், பேச்சு பெயர் தேடுவதற்குப் போய்விடும். ஸ்கேன் பார்ப்பவரின் கவலையோ வேறு. நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்தால்தான் இது தெளிவாகத் தெரியும்.

இரண்டென்றால் பயம் குறைவு. ஒன்றே என்றால் அதன் பரப்பில் இரு குழந்தைகளின் இரத்தக்குழாய்களும் பிணைந்திருக்கும். இத்தகைய கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை, மடை மாறிய வாய்க்கால்போல இரத்தம் ஒரு குழந்தைக்கே சாய்கிறது. கொடுக்கும் குழந்தையின் பனிக்குட நீர் வற்றுகிறது. வாங்கும் குழந்தையின் இதயம் சுமை தாங்காமல் திணறுகிறது.

இந்த ஓட்டத்தை வெளியிலிருந்தே அளப்பது டாப்ளர் ஸ்கேன். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராகில் சொன்னது விண்மீன்களைப் பற்றி. அதுவும் இரட்டை விண்மீன்கள்! சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் அதே விதிதான். 1977இல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தை இப்படிப் பதிவு செய்தார்கள்.

திரையில் தெரியும் சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை, கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான்.

உண்மையான சேதி அலைக்கோட்டில் இருக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலும் தொப்புள்கொடித் தமனியில் இரத்தம் முன்னோக்கி ஓடவேண்டும். அந்த இடைவெளியில் ஓட்டம் நின்றால் ஆபத்து. பின்னோக்கித் திரும்பினால் பேராபத்து.

இன்னொரு சிக்கல் பனிக்குட நீரை வைத்துப் பிடிபடாது. நூல்போன்ற குழாய்கள் வழியே சிவப்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நீர் இரண்டு பைகளிலும் சரியாகவே இருக்கும். அப்போது மூளைத் தமனியைப் பார்க்கிறார்கள். சோகை பிடித்த இரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடும். அந்த வேகம் அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல 1.5 மடங்கைத் தாண்டினால் சோகை என்று கணிக்கலாம் என, மாரி தலைமையிலான குழு 2000இல் காட்டியது.

ஆகவே ஒரே நஞ்சு என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கொரு ஸ்கேன். இரத்தம் சாய்வது உறுதியானால், பிணைந்த குழாய்களை லேசரால் அடைக்கலாம். சென்னையில் மெடிஸ்கேன் போன்ற மையங்கள் இதைச் செய்கின்றன. பொதுவாக 26ஆம் வாரத்துக்குள் செய்வது. அதன்பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது, மிகுந்த நீரை ஊசியால் இறக்குவதோ முன்கூட்டியே பிரசவம் பார்ப்பதோதான்.