எரிமலைத் தீவின் செல்வம்: ரீயூனியன் தரும் பாடம்

ஒரு நாட்டின் இயற்கை வளங்களைக் கணக்கிடும்பொழுது நிலம், நீர், காடு, கனிமம் ஆகியவற்றை எண்ணுகிறோம். எரிமலையை எவரும் அவ்வரிசையில் சேர்ப்பதில்லை. அது அழிவின் அடையாளமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், இந்துமாக்கடலின் தென்மேற்கில் அமைந்துள்ள ரீயூனியன் தீவில் எரிமலையும், அது உருவாக்கிய மலைகளும், அம்மலைகளின் மடியில் வளர்ந்த பண்பாடும் மக்களின் வாழ்வுக்கு ஆதாரமான மூலதனமாக மாறியிருக்கின்றன. இந்த மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது, அதன் பயன் யாரைச் சென்றடைகிறது என்பவை வளர்ச்சி குறித்துச் சிந்திப்போர் ஆராய வேண்டிய வினாக்களாகும்.

தீவின் அமைப்பு

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியசுக்குத் தென்மேற்கே உள்ள இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோ மீட்டர். மக்கள் தொகை 8.5 இலட்சத்துக்கு மேல். நெடுங்காலம் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்த இத்தீவு, 1946ஆம் ஆண்டில் பிரான்சின் ஒரு மாவட்டம் என்ற தகுதியைப் பெற்றது. இன்று யூரோ நாணயமே அங்குச் செலாவணியில் உள்ளது.

கடலடியிலிருந்து எழுந்த இரு எரிமலைகளால் ஆனது இத்தீவு. அவற்றுள் மூத்ததாகிய பிதோன் தெ நேஜ் 3,070 மீட்டர் உயரமுடையது, இப்பொழுது அடங்கிவிட்டது. இளையதாகிய பிதோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர் உயரமுடையது. உலகில் மிகுதியாகக் குமுறும் எரிமலைகளுள் ஒன்று. அண்மைப் பத்தாண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறையேனும் அது குழம்பைக் கக்கியிருக்கிறது.

இவ்வளவு அடிக்கடி குமுறும் எரிமலைக்கு அருகில் மக்கள் எவ்வாறு செல்ல இயலும் என்ற ஐயம் எழலாம். இதன் குழம்பு பெரும்பாலும் நீர்த்த தன்மையுடையது. ஆகவே, வெடித்துச் சிதறுவதைவிட, வழிந்து ஓடுவதே அதன் இயல்பு. மேலும், பெரும்பாலான வெடிப்புகள் உயர்ந்த பாறைச் சுவர்கள் சூழ்ந்த, மக்கள் வாழாத ஒரு பெரும் பள்ளத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. அப்பள்ளத்தின் கிழக்குப் பக்கம் கடலை நோக்கித் திறந்திருப்பதால், குழம்பு அவ்வழியே சரிந்து செல்கிறது.

1977இல் இந்த விதிக்கு ஒரு விலக்கு நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், பள்ளத்துக்கு வெளியே தோன்றிய குழம்பு பிதோன் சேந்த் ரோஸ் என்ற சிற்றூருக்குள் புகுந்தது. மக்கள் வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு ஏற்படவில்லை. எனினும் வீடுகள் பல அழிந்தன. ஊரின் மாதா கோயிலைச் சூழ்ந்த குழம்பு, வாயிலில் நுழைந்தவுடன் உறைந்து நின்றுவிட்டது. இன்று அக்கோயில் ‘குழம்பின் அன்னை’ என்ற பொருள்படும் பெயருடன், தீவுக்கு வருவோர் தவறாது காணும் இடமாக விளங்குகிறது.

அந்நிகழ்ச்சியின் உண்மையான விளைவு வேறொன்று. அதனை அடுத்து 1979இல் எரிமலை ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. நில அதிர்வுகளையும் மலையின் வீக்கத்தையும் அது இடைவிடாது அளந்து வருகிறது. வெடிப்பு நெருங்குவதாகத் தெரிந்தவுடன் அரசு அதிகாரி பள்ளத்துக்குச் செல்லும் பாதையை மூடிவிடுகிறார். 2007 ஏப்ரலில் மலையுச்சியின் பெரிய வாய் முந்நூறு மீட்டருக்கும் மேலாக உள்வாங்கியது. குழம்பு கடற்கரை நெடுஞ்சாலையைக் குறுக்கறுத்துக் கடலில் கலந்தது. பின்னர்ச் சாலை குழம்பின் மீதே மீண்டும் போடப்பட்டது. அறிவியல் கண்காணிப்பு இல்லையேல், இங்குச் சுற்றுலா என்பதே இல்லை எனலாம்.

நடந்து காணும் நாடு

வடக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளில் பழைய எரிமலையைச் சுற்றி மூன்று பெரும் கிண்ணப் பள்ளத்தாக்குகள் உள்ளன. சலாசி மழை மிகுந்தது, அருவிகள் நிறைந்தது. நாம் சௌசௌ என்று வழங்கும் காய் அங்குக் கொடியாகப் படர்ந்து சரிவுகளை மூடியிருக்கிறது. அங்குள்ளோர் அதனை ‘சுசு’ என்கின்றனர். சிலாவோஸ் வெந்நீர் ஊற்றுகளுக்கும், பூத்தையலுக்கும், ஒரு வகைச் சிறு பருப்புக்கும் பெயர் பெற்றது. அவ்வூருக்கு ஏறும் சாலையின் வளைவுகள் நானூறுக்கும் மேற்பட்டவை. மூன்றாவதாகிய மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்தோ, ஹெலிகாப்டரிலோதான் செல்ல வேண்டும்.

தீவின் மழை வியப்புக்குரியது. 1966 சனவரியில் ஒரு புயலின்போது, ஒரே நாளில் 1,825 மில்லி மீட்டர் மழை பெய்தது. 2007 பிப்ரவரியில் மூன்று நாட்களில் 3,900 மில்லி மீட்டருக்கு மேல் பதிவாயிற்று. இவை உலகச் சாதனைகளாகும். இந்த மழையே எரிமலைப் பாறையை அரித்து, பள்ளத்தாக்குகளை ஆழப்படுத்தியது. மக்கள் காண வரும் எழிலும், மக்களை அச்சுறுத்தும் நிலச்சரிவும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

2007இல் தீவின் உட்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் தீவின் நாற்பது விழுக்காட்டுப் பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மறுபுறம், 2010, 2011 ஆகிய இரு ஆண்டுகளிலும் மேற்கு மலைச்சரிவுகளில் மூண்ட காட்டுத் தீ, இவ்வளம் எவ்வளவு எளிதில் சேதமுறக் கூடியது என்பதைக் காட்டிற்று. கடலிலும் வரம்பு உண்டு. சுறாக்களின் தாக்குதலால் உயிர்ச்சேதம் நேர்ந்ததை அடுத்து, 2013இல் பவளத்திட்டு சூழ்ந்த அமைதியான நீர்ப்பகுதிக்கும் காவலுள்ள இடங்களுக்கும் வெளியே நீராடுவது தடை செய்யப்பட்டது.

பண்பாட்டின் வேர்கள்

இத்தீவின் பண்பாடு துன்பத்தில் விளைந்தது. காப்பித் தோட்டங்களிலும் பின்னர்க் கரும்புத் தோட்டங்களிலும் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் கொணரப்பட்டனர். தப்பியோடியவர்கள் அணுகுதற்கரிய பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தனர். இன்று மலையேறுவோர் நடக்கும் பாதைகள் பல, முதலில் அவர்கள் கண்ட பாதைகளே. 1841இல் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வனிலா மலரைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையைக் கண்டறிந்தான். உலக வனிலாத் தொழில் அம்முறையின் மீதே எழுந்தது. அவனோ 1880இல் வறுமையில் இறந்தான்.

1848 டிசம்பர் 20ஆம் நாள் அடிமை முறை ஒழிந்தது. ஆள் பற்றாக்குறையை நீக்க, தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானோர் சென்றனர். புதுவை, காரைக்கால் துறைகள் வழியாகச் சென்ற தமிழர்களே அவர்களுள் பெரும்பான்மையோர். அவர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்து எழுந்த முறையீடுகளின் விளைவாக, 1882இல் இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. அவர்கள் கரையிறங்கியதும் தனிமைப்படுத்தப்பட்ட கட்டடங்கள் கிராந்த் சலூப்பில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

‘மலபார்’ என்று அங்கு அழைக்கப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. ஆயினும், வழிபாட்டில் தமிழ்ச் சொற்கள் நிலைத்துள்ளன. திரௌபதி அம்மனுக்குத் தீமிதியும், முருகனுக்குக் காவடியும் இன்றும் தவறாமல் எடுக்கப்படுகின்றன. தெருக்கூத்தின் மரபில் வந்த ஆடலும் அங்கு உண்டு. அடிமைகளின் பாடலாகிய மலோயா, அதிகாரிகளால் நெடுங்காலம் வெறுத்தொதுக்கப்பட்டு, 1981க்குப் பின்னரே பொது மேடையைக் கண்டது. 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. கரும்புப் பூந்தண்டுகளை அடுக்கி, உள்ளே விதைகளை இட்டுச் செய்யப்படும் கயாம்ப் அதன் முக்கிய இசைக்கருவி. உழைப்பாளரை வாட்டிய அதே பயிர் அவர்தம் இசைக்கும் கருவி தந்தது.

பயன் யாருக்கு?

இத்துணைச் சிறப்புகள் இருந்தும், தீவின் வேலையின்மை விகிதம் பிரான்சின் ஐரோப்பிய நிலப்பகுதியைப் போல் இரு மடங்குக்கு மேல் உள்ளது. சர்க்கரை ஆலைகள் குறைந்து இரண்டே எஞ்சியுள்ளன. 1978இல் மூடப்பட்ட ஆலை ஒன்று அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது. ஆலை இழந்த வேலைகளைச் சுற்றுலா ஈடுசெய்யுமா?

பொருளாதாரத்தில் ‘கசிவு’ என்றொரு கருத்து உண்டு. பயணி ஒருவர் நூறு ரூபாய் செலவிடுகிறார் என்று கொள்வோம். அவர் உண்ணும் உணவும் தங்கும் விடுதியின் பொருள்களும் வெளியிலிருந்து வந்தவையாயின், அந்நூறில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அவர் சிலாவோஸ் பருப்பை உண்டு, உள்ளூர்க் குடும்பத்தின் சிறு விடுதியில் தங்கி, அவ்வூர்ப் பெண்கள் தைத்த துணியை வாங்கினால், பணம் அங்கேயே சுழன்று மேலும் வருமானத்தைப் படைக்கும். ஆகவே, வந்தோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைவிட, அவர்கள் விட்டுச் சென்றதில் தங்கியது எவ்வளவு என்பதே சரியான அளவுகோல்.

இவ்வினா மஃபாத்தில் கூர்மை பெறுகிறது. அங்குச் சில நூறு பேர் வாழ்கின்றனர். அவர்கள் குடியிருக்கும் நிலம் பொதுச் சொத்து, அவர்கள் குத்தகைதாரர்களே. சாலை அமைத்தால் நோயாளியை விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். அரிசியும் சிமெண்டும் மலிவாகும். ஆனால், சாலையின்மையே அவ்விடத்தின் சிறப்பு. அதனை நாடித்தான் நடைப்பயணிகள் வருகின்றனர். பயணியின் மகிழ்ச்சிக்காக அம்மக்கள் தனிமையின் செலவை ஏற்பது நியாயமாகுமா? அவ்வாறு ஏற்கவேண்டுமாயின், அதற்குரிய ஈட்டில் அவர்களுக்கு உறுதியான உரிமை வேண்டும். நிலத்தின் மீது நீண்டகாலப் பாதுகாப்பும், விடுதி நடத்துவதில் முன்னுரிமையும், மருத்துவ வசதியும் அவ்வுரிமையின் கூறுகள்.

நமக்குரிய பாடம்

இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை அந்தமான் கடலில், மக்கள் வாழாத பாரன் தீவில் உள்ளது. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் விழித்த அது, அதன்பின் பலமுறை குமுறியிருக்கிறது. அந்தமானின் சூழல் வேறு; ரீயூனியனில் தொல்குடிகள் இருந்ததில்லை, அந்தமானிலோ உள்ளனர். எனவே, ஒன்றின் திட்டத்தை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த இயலாது.

எனினும் மூன்று கொள்கைகள் பொதுவானவை. முதலில் கண்காணிப்பு, பிறகே வரவேற்பு. இடத்தின் தாங்குதிறன் எண்ணிக்கையின் வரம்பை வகுக்க வேண்டும். அவ்விடத்தைக் காத்து நிற்போர் அதன் வருவாயில் முதற்பங்கு பெற வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் எரிமலையும் செல்வமாகும். இவற்றுள் மூன்றாவதை மறந்தால், கரும்புத் தோட்டத்தின் பழைய கணக்கே புதிய ஏட்டில் எழுதப்படும்.