போதையிலிருந்து மீண்டவரா நீங்கள்? இன்னொருவர் மீளத் துணை நிற்கலாம்!

குடியை விட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஒழுங்காக வேலைக்குப் போகிறீர்கள். வீட்டில் நிம்மதி திரும்பியிருக்கிறது. இப்போது தெருவில் ஒருவர், ‘அண்ணே, எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கொஞ்சம் பேசிப் பாருங்களேன்’ என்று கேட்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அவர் கேட்கும் அந்த உதவிக்கு ‘சக ஆதரவாளர் பணி’ என்று பெயர். அதை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது, எந்த அரசு சேவையோடு இணைப்பது என்று பார்ப்போம்.

இந்தப் பணி ஏன் தேவை?

மத்திய சமூகநீதித் துறைக்காக நடத்தப்பட்டு 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. ஆனால் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார்.

கொடுங்கையூரையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், கன்டெய்னர் லாரி ஓட்டுநர், காயலான் கடையில் இரும்பு பிரிப்பவர், குப்பைக் கிடங்கில் பொறுக்கிப் பிழைப்பவர் என்று உடல் உழைப்பை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ‘உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர்’ என்றுதான் பலருக்கும் பழக்கம் தொடங்குகிறது. மருத்துவமனையில் உடலிலிருந்து போதையை இறக்கும் சிகிச்சைக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் போதும். அதன்பின் அவர் திரும்பி வருவது அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே உடம்பு வலிக்கு. மறுபடி குடிக்கும் ஆபத்து முதல் மூன்று மாதங்களில்தான் மிக அதிகம். அந்த மாதங்களில் டாக்டர் அவருடன் தெருவில் நடந்து வர முடியாது. நீங்கள் வரலாம்.

இது எங்கிருந்து வந்தது?

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன ஒரு பங்குத் தரகர், வியாபாரம் கைகூடாத ஏமாற்றத்தில் மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தார். இன்னொரு குடிநோயாளியுடன் பேசினால் தப்பிக்கலாம் என்று தேடிப் போய், ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். அந்தப் பேச்சில் இருவருமே மீண்டார்கள். அதுவே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற ஏ.ஏ. அமைப்பின் தொடக்கம். 1957 முதல் அது இந்தியாவிலும் இயங்குகிறது. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று, ஏ.ஏ.வுடன் முறையாக இணைக்கும் சிகிச்சை பெற்றவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற சிகிச்சை பெற்றவர்களைவிட முன்னணியில் இருந்ததாகக் காட்டியது.

நம் சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோயை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்துச் சிகிச்சை அளித்த முன்னோடி. அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

யார் சக ஆதரவாளர் ஆகலாம்?

மத்திய அரசின் நிதியுதவி பெறும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களில் ‘சக கல்வியாளர்’ என்றே ஒரு பணியிடம் இருக்கிறது. போதையிலிருந்து மீண்டு ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளாவது ஆனவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், பயிற்சி எடுக்கத் தயாராக இருப்பவர் இதற்குத் தகுதியானவர். பெரிய பட்டம் எதுவும் தேவையில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே தன்னார்வமாகவும் செய்யலாம். ஆனால் நீங்கள் விட்டு மூன்று மாதம்தான் ஆகிறது என்றால், கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் கால் தரையில் ஊன்றட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

*முதலில் கேளுங்கள்.* ‘குடிக்காதே’ என்று அவருக்குச் சொல்லாத ஆள் இல்லை. மனைவி, அம்மா, முதலாளி எல்லாரும் சொல்லியாயிற்று. நீங்கள், ‘எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. உனக்கு எப்படி இருக்கு, சொல்லு தம்பி’ என்று ஆரம்பியுங்கள். உங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, அவர் கதைக்கு இடம் விடுங்கள்.

*ஆபத்தான நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.* பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. அதோடு சனிக்கிழமைச் சம்பளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சம்பளம் வாங்கும் நேரத்தில் போன் செய்யுங்கள். வேலை முடிந்து வரும் வழியில் டாஸ்மாக் கடை இருந்தால், வேறு வழியை இருவரும் சேர்ந்து யோசியுங்கள். குடிக்க வேண்டும் என்ற வேகம் அலை மாதிரி எழும்பும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கும். அந்த அரை மணியை ஒரு டீயோடு பேசிக் கடத்திவிட்டால் அன்றைய நாள் தப்பிவிடும்.

*கூடவே போங்கள்.* ஓ.பி. சீட்டு வாங்குவது, வரிசையில் நிற்பது, அடுத்த தேதியை மறக்காமல் போவது என்று சின்ன விஷயங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வடசென்னைக்காரர்களுக்குப் பக்கம். 2025-ல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது.

*சறுக்கினால் கைவிடாதீர்கள்.* ஒரு நாள் குடித்துவிட்டார் என்றால், வெட்கத்தில் உங்கள் போனை எடுக்க மாட்டார். மறுநாள் நீங்களே போய், ‘வா, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்’ என்று சொல்லுங்கள். சர்க்கரை ஏறினால் நோயாளியைத் திட்டி அனுப்புவதில்லையே, இதுவும் அப்படித்தான்.

என்ன செய்யவே கூடாது?

இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள் இருக்கின்றன. கவனமாகப் படியுங்கள்.

*திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்.* தினமும் அதிகம் குடிப்பவர் மருத்துவ உதவி இல்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உடல் நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணில் தெரிவது, ஆள் அடையாளம் புரியாத குழப்பம் ஆகியவை வரலாம். இதில் உயிர் போகவும் வாய்ப்பு உண்டு. ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

*சாப்பாட்டில் மருந்து கலக்க உடன்படாதீர்கள்.* ‘அவருக்குத் தெரியாம குழம்புல கலந்துடுங்க’ என்று விற்கப்படும் மருந்துகளை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு மட்டுமே டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள்.

*ஹெராயின், வலி மாத்திரை, ஊசிப் பழக்கம் உள்ளவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.* சில வாரங்கள் நிறுத்தியபின் உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய அளவிலேயே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

*ஆளைப் பிடித்துப் போகும் வேனுக்கு வழிகாட்டாதீர்கள்.* மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி, போதை தொடர்பான மனநலக் கோளாறுகளும் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இவற்றுக்காக ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அடிப்பதும் கட்டிவைப்பதும் சிகிச்சை ஆகாது. எந்த மையத்தில் சேர்ப்பதற்கு முன்பும் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

*ரகசியத்தை வெளியே விடாதீர்கள், கடன் கொடுக்காதீர்கள்.* அவர் உங்களிடம் சொன்னது டீக்கடைக்கு வந்துவிட்டால், மறுபடி யாரிடமும் மனம் திறக்க மாட்டார். பணம் இடையில் வந்தால் நீங்கள் துணையாக இல்லாமல் கடன்காரர் ஆகிவிடுவீர்கள்.

‘போலீஸ் பிடிச்சுடுவாங்களா?’

இந்தப் பயம் பலரைச் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது. சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போவது குற்றமில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், அவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம்.

உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பேருக்கு மேல் பொறுப்பேற்காதீர்கள். குடித்துக்கொண்டிருப்பவரைச் சந்திக்கத் தனியாகப் போகாதீர்கள். மீண்ட இன்னொருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெண்ணுக்குப் பெண் துணை நிற்பது நல்லது. உங்கள் ஏ.ஏ. கூட்டத்தையோ கவுன்சலரையோ விட்டுவிடாதீர்கள். நீங்கள் இவ்வளவு பாடுபட்டும் ஒருவர் மீளாமல் போகலாம். அந்தத் துக்கத்தைத் தனியாகச் சுமக்காமல் யாரிடமாவது பேசுங்கள். மீள்பவரின் வீட்டாருக்கும் ஒரு துணை வேண்டும். அவர்களுக்கென்றே ‘அல்-அனான்’ கூட்டங்கள் நடக்கின்றன.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

- 14446: போதை மீட்பு தேசிய உதவி எண் (கட்டணமில்லை). அருகிலுள்ள மையத்தைக் கேட்டறியலாம்.
- 14416: டெலி-மானஸ் மனநல ஆலோசனை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.
- 104: தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண்.
- 108: அவசர ஆம்புலன்ஸ்.

இந்த நான்கு எண்களையும் இன்றே உங்கள் போனில் பதிந்துவையுங்கள். அடுத்த முறை தெருவில் யாராவது ‘அண்ணே, கொஞ்சம் பேசிப் பாருங்களேன்’ என்று கேட்டால், அவர் வீட்டுக்காரரை எந்த நாளில், எந்த ஓ.பி.க்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.