சேர்த்த பொருள் சிறையாகும்போது

ஒரே எண்ணமும் செயலும் கட்டுக்கு மீறித் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி. நோயின் ஒரு கிளையாகவே நெடுங்காலம் கருதப்பட்டது, பொருளைச் சேர்த்துக்கொண்டே போகும் நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடுதான் அதைத் தனி நோயாகப் பிரித்தது. தபால்தலையோ பழைய நாணயமோ சேர்ப்பவர் அவற்றை வகை பிரிப்பார், ஆல்பத்தில் அடுக்குவார், வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். இந்த நோயில் ரசீது, காலி டப்பா, கிழிந்த துணி, ஓடாத மிக்சி எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்களோ என்ற கூச்சமும் கூடவே இருக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்றோ கஞ்சத்தனம் என்றோ சொல்வது பெரும் அநியாயம். 1996-இல் ராண்டி ஃப்ராஸ்ட், டமாரா ஹார்ட்ல் என்ற இரு உளவியலாளர்கள் இதன் உள்ளியக்கத்தை விளக்கினார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரிக்க முடியாத திணறல் ஒரு பக்கம். பொருள்மீது அளவு மீறிய பற்று இன்னொரு பக்கம். 'என்றைக்காவது உதவும்', 'இதைத் தூக்கிப்போட்டால் அம்மாவையே தூக்கிப்போட்ட மாதிரி' என்ற எண்ணங்கள் அதிலிருந்தே எழுகின்றன. தூக்கிப்போட நினைத்தாலே மனம் பதறுகிறது. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று வைத்துவிட்டால் பதற்றம் அடங்குகிறது. அந்த நிம்மதிதான் பழக்கத்தை வேரூன்றச் செய்கிறது.

உளவியலாளர் டேவிட் டோலினின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதை மூளைக்குள்ளேயே காட்டியது. நோயாளிகள் தங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களையும் விளம்பரத் தாள்களையும் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி அவற்றையும் அடுத்தவருடைய தாள்களையும் ஒவ்வொன்றாக வைத்துக்கொள்வதா, கிழிப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். வேண்டாம் என்ற தாள் உண்மையாகவே கிழிக்கப்படும். அடுத்தவருடைய தாள் என்றபோது முடிவெடுப்போடு தொடர்புடைய இரு மூளைப் பகுதிகள் வழக்கத்தைவிடக் குறைவாகவே இயங்கின. தங்கள் தாள் என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொதித்தன. வெறும் விளம்பரத் தாளுக்கே இந்தப் பாடு.

நோயின் குறிகள் பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டுகின்றன. அப்போது பெற்றோரே அறையை ஒழுங்குபடுத்திவிடுவதால் வெளியே தெரிவதில்லை. இருபதுகளின் நடுவில் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கத் தொடங்கி, முதுமையில் முற்றுகிறது.

முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் கோலியர் சகோதரர்கள் துயரமான சான்று. அண்ணன் ஹோமர் வழக்கறிஞர். தம்பி லாங்லி பொறியியல் படித்தவர், பியானோ கலைஞர். பெற்றோர் இறந்தபின் ஹார்லெம் பகுதி வீட்டில் இருவரும் ஒடுங்கினார்கள். 1933-இல் ஹோமருக்குக் கண் பார்வை போனது. பார்வை திரும்பும்போது அண்ணன் படிக்க வேண்டுமே என்று லாங்லி செய்தித்தாள்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கிவைத்தார். அந்தக் குவியலுக்கு அடியில் இருந்தது பாசம் என்பதை மறந்துவிடக் கூடாது. திருடர்களுக்குப் பயந்து, குவியல்களுக்கு நடுவே பொறிகளும் வைத்தார். 1947 மார்ச் 21 அன்று போலீஸார் மாடி ஜன்னல் வழியே நுழைந்தபோது ஹோமர் பட்டினியால் இறந்து கிடந்தார். லாங்லியைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள். ஏப்ரல் 8 அன்று அவருடைய உடல் கிடைத்தது, அண்ணன் கிடந்த இடத்துக்குச் சுமார் பத்தடி தூரத்தில். அண்ணனுக்கு உணவு கொண்டுபோகும் வழியில் தான் வைத்த பொறியிலேயே சிக்கி நசுங்கியிருந்தார். 14 பியானோக்கள் உட்பட நூறு டன்னுக்கும் மேலான பொருள்கள் அந்த வீட்டிலிருந்து அகற்றப்பட்டன.

இவ்வளவு தூரம் போகாத வீடுகளிலும் ஆபத்து உண்டு. மெல்போர்ன் தீயணைப்புத் துறையின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, குடியிருப்புத் தீ விபத்துகளில் இத்தகைய வீடுகளின் பங்கு கால் சதவீதம்தான் என்று தெரிந்தது. ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அங்கேதான் நேர்ந்திருந்தன. எரிவதற்குப் பொருள் நிறைய, வெளியேற வழி இல்லை. முதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தூசியும் எலியும் பெருகுகின்றன. இவற்றைவிடச் சத்தமில்லாத சேதம் குடும்பத்துக்கு. பிள்ளைகள் நண்பர்களை வீட்டுக்கு அழைக்க முடியாமல் வளர்கிறார்கள். கணவன் மனைவி பேச்சு சண்டையிலேயே முடிகிறது.

பொருள்களின் எண்ணிக்கையை வைத்து நோயை அளப்பதில்லை. கட்டிலில் படுக்க முடிகிறதா, அடுப்பில் சமைக்க முடிகிறதா, குளியலறைக் கதவு திறக்கிறதா என்பவைதான் கேள்விகள். மருத்துவர்கள் ஒன்பது படிகளில் நெரிசல் கூடிக்கொண்டே போகும் அறைப் படங்களைக் காட்டி, எது தன் வீடு போல் இருக்கிறது என்று கேட்பார்கள். நான்காம் படத்திலிருந்தே கவனிக்க வேண்டிய நிலை.

நோயாளி ஊருக்குப் போன நேரம் பார்த்து லாரி வைத்து வீட்டைக் காலி செய்வதுதான் உறவினர்கள் செய்யும் பெரிய தவறு. நம்பிக்கை உடைகிறது, வீடு மறுபடி நிறைகிறது. பலன் தருவது அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அடுப்பைச் சுற்றிய இடமும் முதலில். பிறகு ஒரு பெட்டி, ஒரு மேசை. ஒவ்வொரு பொருளையும் வைப்பதா விடுவதா என்ற முடிவை நோயாளியே எடுக்க வேண்டும். கூட இருப்பவர் அவருடைய அனுமதியில்லாமல் எதையும் தொடுவதில்லை. விட்டபின் எழும் பதற்றம் தானாகத் தணிவதை அவர் திரும்பத் திரும்ப உணர வேண்டும். அதோடு, புதிய பொருள் உள்ளே வராமல் கடையிலேயே மனத்தைக் கட்டும் பயிற்சியும் உண்டு. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். வீடு முழுதும் ஒழியாவிட்டாலும் கட்டிலும் அடுப்பும் மீண்டும் பயன்பாட்டுக்கு வருவதையே மருத்துவர்கள் முன்னேற்றமாகக் கொள்கிறார்கள்.