லயன் வாசலுக்கு வர வேண்டிய சேவைகள்

ஹட்டன் - டிக்கோயா நகரசபையின் எல்லைக்குள் வாழும் குடும்பமொன்று வீதி விளக்கு எரியாவிட்டால், குப்பை அகற்றப்படாவிட்டால் எங்கு சென்று முறையிடுவது என்பதை நன்கறியும். நகரைத் தாண்டித் தேயிலைச் செடிகள் தொடங்குமிடத்தில் உள்ள லயன் குடும்பத்திற்கோ இக்கேள்விக்கு இன்னும் தெளிவான விடையில்லை. தோட்டங்களில் வாழும் வறிய குடும்பங்களுக்குச் சமூக நல சேவைகள் உரிய முறையில் சென்றடையாமைக்கு நிதிப் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல. அச்சேவைகள் யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக வரையறுக்கப்படாமையும் பிரதான காரணமாகும்.

ஆங்கிலேயர் காலத்தில் லயன் அறை என்பது வேலையோடு சேர்த்து வழங்கப்பட்ட ஒன்று. வீடு, மருந்து, பிள்ளை மடுவம் யாவும் தோட்டத்துரையின் நிர்வாகத்தின் கீழேயே இருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதனையடுத்து அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பங்குபற்றும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் உருவாகி, சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள், வீடமைப்பு, குடிநீர், சுகாதாரம் போன்ற பணிகளில் ஈடுபட்டு வருகின்றது.

இந்த ஏற்பாடு தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும் தொழிலாளியை மையமாகக் கொண்டது. இன்றோ லயன்களில் வசிப்போரில் பெருந்தொகையினர் தோட்டத்தில் வேலை செய்பவர்களல்லர். ஓய்வுபெற்ற முதியோரும், கொழும்புக் கடைகளிலும் வெளிநாடுகளிலும் உழைப்போரின் பிள்ளைகளும் அங்கேயே வாழ்கின்றனர். வேலை முடிந்தவுடன் தோட்டத்துடனான தொடர்பு அறுந்து விடுகின்றது. அரசுடனான தொடர்போ சரியாக ஏற்படுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் விழும் குடும்பங்களே இன்று அதிகம் பாதிக்கப்படுகின்றன.

உள்ளூராட்சியின் நிலையும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவுக்கு அளிக்கப்பட்ட வியாக்கியானம் காரணமாக, தோட்ட மக்களின் வாக்குகளால் தெரிவான உறுப்பினர்களே அம்மக்கள் நடக்கும் பாதைக்குச் சபை நிதியைச் செலவிட முடியாதிருந்தனர். 2018இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளிலும் பணியாற்றப் பிரதேச சபைகளுக்கு வழி திறக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன்னரே அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகளும் உருவாகியிருந்தன. எனவே 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் சட்டத்தில் இடமில்லை என்று இனியும் கூற முடியாது. வரவுசெலவுத் திட்டத்தில் லயன்களுக்கென ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று கேட்கும் உரிமை மக்களுக்குண்டு.

அடுத்தது முகவரிப் பிரச்சினை. ஒரு வரிசையில் பல குடும்பங்கள் வாழ்ந்தாலும் அவற்றுக்கெனத் தனித்தனி இலக்கமில்லாத இடங்கள் பலவுண்டு. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்திற்கே வந்து, கைமாறிக் காலந்தாழ்ந்து கிடைக்கின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு திகதி கடந்த பின் கையில் கிடைப்பதால் என்ன பயன்? 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தைப் பிடித்த 'அஸ்வெசும' உதவிக்கும் விண்ணப்பம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்பன வேண்டும். தகுதியிருந்தும் ஆவணமில்லாதவர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

முகவரிக்கு அடிப்படை காணியுரிமை. 2017 மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் அறிவிக்கப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என்ற ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் லயன்களிலேயே உள்ளன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியால் மலையகமெங்கும் மண் சரிந்தபோது, பாதுகாப்பான காணி எவ்வளவு அவசியமானது என்பது மீண்டும் உணர்த்தப்பட்டது.

காணிப் பிரச்சினை தீரும்வரை ஏனைய சேவைகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லயன் வீட்டுக்கும் இலக்கம் வழங்குவதற்குப் பெருந்தொகை நிதி தேவையில்லை. கிராம உத்தியோகத்தரும் குடும்ப நல உத்தியோகத்தரும் பிரதேச செயலக அலுவலர்களும் மாதத்தில் ஒரு நாளேனும் ஒரே இடத்தில், தமிழில் கருமமாற்றினால், நாட்சம்பளத்தை இழந்து மலையிறங்கி வரும் தாயின் அலைச்சல் குறையும். படித்த இளைஞர்களும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஹட்டன் நகரின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும் விண்ணப்பம் நிரப்பும் பணியில் கைகொடுக்கலாம். தோட்டத்து மக்களின் சம்பளத்தால் வாழும் நகரம் அவர்களுக்குச் செய்யும் கைம்மாறாக அது அமையும்.

எனினும் நல்லெண்ணத்தின் உதவி அரசின் கடமைக்கு ஈடாகாது. வேலை செய்தால்தான் வீடு, வேலை செய்தால்தான் மருந்து என்பது தோட்டத்துரைமார் காலத்து நியதி. குடியுரிமை பெற்ற மக்களுக்குப் பிரஜை என்ற தகுதியே போதுமானது. சேவைகள் அந்தத் தகுதியை நோக்கி லயன் வாசலுக்கு வர வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.